பாலையில் ஓடிய பொறிகளும் வாயிலில் நின்ற கண்களும்

பழைய மோட்டார் சைக்கிள்களைப் பற்றியும், அவை பாலைவனங்களில் பந்தயமிட்டு ஓடிய நாள்களைப் பற்றியும் எழுதப்படும் நினைவுரைகளை இலக்கியத் திறனாய்வுக்கு உட்படுத்தலாமா என்று கேட்டால், தமிழாசிரியர் பலர் புன்முறுவல் பூப்பர். எண்ணெய்க் கறையும் புழுதியும் படிந்த அந்த எழுத்துக்கும் நம் வகுப்பறைக்கும் என்ன உறவு என்பர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தவன்தான். ஆனால் அத்தகைய எழுத்துகள் பலவற்றை அண்மையில் தொடர்ந்து படிக்க நேர்ந்தது. படிக்கப் படிக்க, இவர்கள் பாடுவது பாலைத்திணை அன்றோ என்னும் எண்ணம் வலுத்தது. பாலை என்றால் என்ன என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிந்தித்து, அதற்கு இலக்கணமும் வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. அளவுகோல் நம் கையில் இருக்கும்போது அளந்து பார்க்கத் தயங்குவானேன்?

அயல்நாட்டார் எழுத்தைத் தமிழ்க் கோலால் அளப்பது முறையோ என்று ஐயுறுவோர் உளர். கிரேக்க, இலத்தீன் கவிதைகளின் அருகில் சங்கப் பாடல்களை வைத்து ஒப்பிட்டுக் காட்டியவர் தனிநாயகம் அடிகளார். அவர் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியராக இருந்தவர். நமக்கு அண்டை வீட்டார் எனலாம். ஒப்பீடு ஒருவழிப் பாதை அன்று என்பதை அவர் நூல்களைப் படித்தோர் அறிவர்.

இனிப் பொருளுக்கு வருவோம். கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் 1950களிலும் 1960களிலும் நடந்த பந்தயங்களே இவ்வகை எழுத்தின் ஊற்றுக்கண். நூற்றுக்கணக்கானோர் ஒரே வரிசையில் நிற்பர். பொறிகள் அணைந்திருக்கும். பல கல் தொலைவில் பழைய டயர்களைக் குவித்துக் கொளுத்திக் கரும்புகை எழுப்புவர். கொடி இறங்கியதும் ஒவ்வொருவரும் காலால் உதைத்துப் பொறியைக் கிளப்பி, அந்தப் புகையை நோக்கி விரைவர். பாதை என்று ஒன்று இல்லை. புகை இருக்கும் திசையே பாதை. தொடக்க நாள்களில் அவர்கள் ஓட்டியவை பெரும்பாலும் சாலைக்கென்று செய்யப்பட்ட கனத்த ஆங்கிலேய வண்டிகள். 650 சி.சி. டிரையம்பை வாங்கி, வேண்டாத உறுப்புகளைக் கழற்றி எறிந்து, புகைக்குழாயை மேலே தூக்கிக் கட்டி, கைப்பிடியை அகலமாக்கி, பொறியின் அடியில் கல் படாதவாறு தகடு ஒன்றைப் பொருத்தி ஓட்டினர். பனியில் இழுத்துச் செல்லும் சறுக்குவண்டியின் பெயரையே பாலை என்ற அடையுடன் அதற்குச் சூட்டினர். பின்னர் 1960களின் நடுவில் சுவீடனிலிருந்து ஹஸ்க்வர்னா, ஸ்பெயினிலிருந்து புல்டாகோ, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து சிஇசட் என எடை குறைந்த வண்டிகள் வந்து அந்தக் கனத்த வண்டிகளைப் பின்தள்ளின. 1968இல் யமஹா நிறுவனம் டிடி-1 என்னும் 250 சி.சி. வண்டியை விற்பனைக்கு விட்டது. கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவது எளியவர்க்கும் கைகூடியது. இதற்கு முன்பே, 1962இல், டேவ் எகின்ஸ் என்பார் ஹோண்டா வண்டி ஒன்றில் மெக்சிகோவின் பாகா தீபகற்பத்தை டிஜுவானா முதல் லாபாஸ் வரை 40 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஓட்டிக் கடந்து காட்டியிருந்தார். 1967 முதல் அந்நிலத்தில் ஆண்டுதோறும் பந்தயம் நடைபெறலாயிற்று.

இவற்றையெல்லாம் நினைவுகூரும் எழுத்தில் என்னை முதலில் கவர்ந்தது அதன் துல்லியம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓட்டிய வண்டியின் கார்புரேட்டர் எண் இவர்களுக்கு நினைவிருக்கிறது. ஆமணக்கெண்ணெய் கலந்து எரித்த பொறியின் மணத்தை அவர்கள் எழுதும்போது, படிப்பவன் மூக்கிலும் அது ஏறுகிறது. நம் மாணாக்கர் 'அழகான பூங்கா', 'இனிமையான மாலைப்பொழுது' என்று பொதுமையிலேயே நின்றுவிடுவதைக் கண்டு சலித்தவன் நான். பெயர் சொல்லி, உறுப்புச் சொல்லி, அளவு சொல்லி எழுதும் இவர்களது பழக்கத்தை அவர்கள் கற்றுக்கொள்ளலாகாதா என்று ஏங்கியதும் உண்டு.

ஆயினும் ஒரு குறை தொடர்ந்து உறுத்திற்று. அது யாது என்பதைத் தொல்காப்பியரே எடுத்துக் கொடுத்தார்.

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்பது அகத்திணை இயலின் கருத்து. நிலமும் பொழுதும் இல்லாமல்கூடப் பாட்டு நிற்கும். உரிப்பொருள் இல்லையேல் நில்லாது. பாலைக்கு இது இன்னும் பொருந்தும். ஏனெனில் தொல்காப்பியர் பாலைக்குத் தனியே நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது கொள்ளும் வடிவமே பாலை என்று இளங்கோவடிகள் விளக்கினார். அதாவது பாலை என்பது ஓர் இடத்தின் பெயர் மட்டும் அன்று. ஒரு நேர்ச்சியின் பெயர். அதன் உரிப்பொருள் பிரிவு.

இந்தக் கோலை வைத்து நோக்கினால், பந்தய நினைவுரைகளில் முதற்பொருள் நிறைவாக இருக்கிறது: நண்பகல், வேனில், கானல், புழுதி. கருப்பொருள் நிறைவுக்கும் மேலாக இருக்கிறது. பருந்தும் கள்ளியும் இருக்க வேண்டிய இடத்தை ஹஸ்க்வர்னாவும் டிரையம்பும் பிடித்துக்கொண்டன. உரிப்பொருளைத் தேடினால் கை வெறுமையாகத் திரும்புகிறது. 'அந்த நாள் இனி வாராது' என்னும் பெருமூச்சு இருக்கிறதே, அது பிரிவு ஆகாதா என வினவலாம். ஆகாது என்பதே என் கருத்து. தன் இளமையைத் தான் பிரிந்ததை மட்டுமே எண்ணி ஒருவன் வருந்துவது பாதிப் பிரிவு. பாலைப் பாட்டில் பிரிவுக்கு இரண்டு முனைகள் உண்டு.

அகநானூற்றில் 400 பாடல்கள். ஒற்றைப்படை எண் பெற்றவை அனைத்தும் பாலை. எனவே சரிபாதி, 200. அவற்றுள் தலைவன் இடைச்சுரத்தில் நின்று தன் நெஞ்சோடு பேசுவனவும் உண்டு. ஆனால் பலவற்றில் பேசுபவள் வீட்டிலிருக்கும் தலைவி, அல்லது அவளருகில் இருக்கும் தோழி. அவர்கள் சுரத்தைக் கண்டவர் அல்லர். பிறர் சொல்லக் கேட்டும், அஞ்சும் மனத்தால் இட்டு நிரப்பியும் அதைக் கட்டி எழுப்புகின்றனர். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் கலிப்பாடல் ஒன்றை ஆசிரியர்கள் நன்கு அறிவர். சிறிதளவே கிடைத்த கலங்கல் நீரைப் பிடிக்கு முதலில் ஊட்டிவிட்டுத் தான் பிறகு பருகும் களிறு, களைத்த பெடைக்குச் சிறகால் விசிறும் புறா, தன் உடலின் நிழலையே பிணைக்குத் தரும் கலைமான் ஆகிய மூன்றும் அதில் வருகின்றன. இவற்றை அவள் கண்டாளா? இல்லை. அவன் சொன்னான், அவள் நினைவில் வைத்திருக்கிறாள். இவற்றையெல்லாம் வழியில் காண்பவன் திரும்பாமல் இருப்பானா என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். தமிழின் பாலை பெரும்பகுதியும் வாயிலில் நின்று பார்த்த பாலை.

1971இல் புரூஸ் பிரவுன் எடுத்த 'ஆன் எனி சண்டே' என்னும் ஆவணப்படத்தை இங்கே குறிப்பிட வேண்டும். 'எந்த ஞாயிறானாலும்' எனத் தமிழில் சொல்லலாம். சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்ட படம் அது. நடிகர் ஸ்டீவ் மெக்குவின் அதற்குப் பொருளுதவி செய்ததோடு தாமும் வண்டி ஓட்டித் தோன்றினார். பந்தயங்களில் அவர் தம் பெயரை மறைத்து ஹார்வி மஷ்மன் என்ற புனைபெயரில் கலந்துகொண்டதும் உண்டு. (புகழ் பெற்றபின் பெயரை மறைக்க விரும்பும் மனிதர் நம் எழுத்துலகில் அரியர்.) பாலையில் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒருங்கே கிளம்பும் காட்சி அப்படத்தில் உண்டு, புழுதி எழுந்து வானை மறைப்பதைக் கண்டபோது நம் போர்க்களப் பாடல்களின் புழுதி நினைவுக்கு வந்தது. ஆனால் படம் நிலைபெற்றதற்கு அக்காட்சியைக் காரணமாகக் கொள்ளேன். மெர்ட் லாவில் என்னும் வீரரே காரணம். 1969இல் அமெரிக்க வாகைப் பட்டம் வென்று, வண்டியில் 1 என்னும் எண்ணைப் பொறித்துக்கொள்ளும் உரிமை பெற்றவர் அவர். படம் அவரைப் பின்தொடர்ந்த 1970ஆம் ஆண்டில் வண்டி பழுதுபட்டும் வாய்ப்பு நழுவியும் அந்த எண் ஜீன் ரொமேரோவிடம் போய்விடுகிறது. ஊர் ஊராக வண்டியை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் மனிதனின் களைப்பு அப்படத்தில் பதிவாகியிருக்கிறது. இழப்பை இழந்தவன் முகத்தில் காட்டியதால் அது நினைவுரைகளைவிட ஒரு படி உயர்ந்தது. வீட்டில் இருப்போர் மட்டும் அதிலும் ஓரத்தில்தான் நிற்கின்றனர்.

இன்னொரு குறையும் உண்டு. பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகாஸ் வரை 1967 முதல் ஒரு பெரும்பந்தயம் நடந்து வந்தது. 1974இல் ஏறத்தாழ 3,000 பேர் அதில் ஓட்டினர். நிலத்துக்கும் உயிர்களுக்கும் நேர்ந்த கேட்டை ஆராய்ந்தபின், அடுத்த ஆண்டுக்கு அரசின் நில மேலாண்மைத் துறை இசைவு தர மறுத்தது. 1983இல் மீண்டும் தொடங்கி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் நின்றுபோயிற்று. பாலை ஆமை அருகிவரும் உயிரினமாக 1990இல் அந்நாட்டுச் சட்டத்தின் காப்பைப் பெற்றது. பழைய வீரர் பலருக்கு இந்த ஆமை இன்றும் பகைப்பொருள். நான் படித்தவற்றுள் சிலவற்றில் அது வெறும் நகைப்பொருள். 'ஒன்றுமில்லாத வெட்டவெளியில் ஓட்டினோம். அதையும் பறித்துவிட்டனர்' என்பதே அவர்கள் முறையீடு. அவர்களது துயரம் பொய்யன்று. அதை ஏளனம் செய்பவன் நல்ல வாசகன் ஆகான். எனினும் வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்குள் வளையில் கழிக்கும் ஓர் உயிர் வாழும் நிலத்தை 'ஒன்றுமில்லாதது' என்று பெருங்கடுங்கோ எழுதியிருப்பாரா? களிற்றையும் புறாவையும் கலைமானையும் கண்ட கண் ஆமையையும் கண்டிருக்கும். இது அறத்தின் குறை என்பதைவிடக் கருப்பொருளின் குறை என்று சொல்வேன். பொறியின் திருகாணிகளை எண்ணத் தெரிந்தவர்க்கு நிலத்தில் இருப்பதை எண்ணத் தெரியவில்லை.

இவையெல்லாம் அமெரிக்கக் கதை, தமிழர்க்கு இதில் என்ன இடம் என்று கேட்க வேண்டா. சென்னைத் திருவொற்றியூரில் செய்யப்பட்டு வந்த புல்லட் வண்டியை அறியாத தமிழர் இலர். திருமண ஊர்வலத்திலும் காவல்துறையிலும் அதைக் கண்டு பழகிய நமக்கு, அதன் முன்னோர் கரடுமுரடான நிலத்துக்கெனப் பிறந்தவர் என்பது வியப்பாக இருக்கும். 1948இல் இத்தாலியில் நடந்த ஆறுநாள் சோதனை ஓட்டத்தில் அவ்வண்டியை ஓட்டியோர் தங்கப் பதக்கம் பெற்றனர். பின்னாளில், ஓசூரில் வண்டி செய்யும் டிவிஎஸ் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய அணி டாக்கார் பந்தயத்தில் ஓடியது. கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா அந்த அணிக்காக ஓட்டி, 2024இல் தம் பிரிவில் முதலிடம் பெற்றார். பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் 2015இல் டாக்காரில் கலந்துகொண்ட முதல் இந்தியர். 36ஆம் இடத்தில் முடித்தார். 2021இல் சவூதி அரேபிய மணலில் விழுந்து, மருத்துவர்களால் செயற்கை மயக்கத்தில் வைக்கப்பட்டு, மீண்டு வந்தார்.

அப்பந்தயத்தின் வரலாற்றில் உரிப்பொருள் தானாகவே வந்து நிற்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. இந்திய நிறுவனமான ஹீரோவின் அணியில் போர்த்துக்கலைச் சேர்ந்த பாவ்லோ கொன்சால்வெஸும் ஜோவாகிம் ரொட்ரிகஸும் ஓட்டினர், இருவரும் மைத்துனர்கள். 2020 ஜனவரி 12ஆம் நாள் கொன்சால்வெஸ் சவூதிப் பாலையில் விழுந்து உயிர் துறந்தார். ஈராண்டு கழித்து அதே நாட்டுப் பாலையில், அதே அணிக்காக, ரொட்ரிகஸ் ஒரு கட்டத்தை வென்றார். அந்த அணி டாக்காரில் வென்ற முதல் கட்டம் அதுவே. வெற்றியை மைத்துனருக்கே உரிமையாக்கினார். இதைப் பற்றிப் பொறியின் ஆற்றலையும் வேகத்தையும் மட்டும் எழுதிச் செல்லும் செய்தியாளனை என்னென்பது? ஒரே வீட்டில் ஒருத்திக்குக் கணவன் போயினான். அவன் மாண்ட மண்ணுக்கே இன்னொருவன் மீண்டும் புறப்பட்டான். அகநானூற்றுப் புலவர் கையில் இது கிடைத்திருந்தால் வண்டியின் பெயர் ஒரு சீருக்குள் அடங்கியிருக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரில் பாலை இல்லை, மழைக்காடு உண்டு. ஆனால் அந்தக் காட்டின் ஓரத்திலும் பந்தயம் ஓடிற்று. அப்பர் தாம்சன் சாலையில் 1961இல் தொடங்கிய கிராண்ட் பிரீ பந்தயத்தில் கார்களோடு மோட்டார் சைக்கிள்களும் ஓடின. ஒரு சுற்று ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். பொதுமக்கள் நாள்தோறும் செல்லும் சாலையே பந்தயத் தடம். ஓரத்தில் மரமும் வடிகாலும் பேருந்து நிறுத்தமும். அதன் வளைவுகளுக்குப் 'பாம்புகள்', 'பேய் வளைவு' என்று பெயர். செம்பவாங் சர்க்கஸ் என்ற திருப்பமும் அத்தடத்தில் இருந்தது. (சர்க்கஸ் என்றால் விலங்குக் காட்சி அன்று, சாலை வட்டம் என்று மாணாக்கர்க்கு ஒவ்வோர் ஆண்டும் விளக்க வேண்டியிருக்கிறது.) 1973ஆம் ஆண்டுப் பந்தயத்தோடு அது நின்றது. பெருகிய போக்குவரத்து, சாலையை மூடுவதிலிருந்த இடர், 1972இலும் 1973இலும் நேர்ந்த உயிரிழப்புகள் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அந்தப் பந்தயங்கள் நடந்த காலத்தில் மாண்டோர் மொத்தம் எழுவர். 2008இல் மரினா பேயில் இரவுப் பந்தயம் தொடங்கியபின், தாம்சன் சாலையின் பழைய நாள்களை நினைவுகூரும் எழுத்து பெருகிற்று. அவ்வாண்டில் வெளிவந்த வரலாற்று நூலொன்று அந்த வளைவுகளின் பெயரையே தலைப்பாகக் கொண்டது.

இந்த நினைவுகளுக்கு உரைகல்லாகப் புறநானூற்றின் 243ஆம் பாடலை எடுத்துக்கொள்கிறேன். முதியவர் ஒருவர் தம் இளமைத் துணிச்சலை நினைக்கிறார். நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, ஆழமான மடுவில் குதித்து, அடிமணலை அள்ளி வந்து காட்டியதை நினைக்கிறார். பந்தய வீரரின் நினைவும் இதுவேதான்: உயிரைப் பணயம் வைத்து, பயன் எதுவுமின்றி, ஒரு பிடி மணலுக்காகக் குதித்தது. ஆனால் அம்முதியவர் இரண்டு செய்திகளை மறைக்கவில்லை. பூண் இட்ட ஊன்றுகோலும், உடல் நடுக்கமும், இருமலுக்கு நடுவே தப்பி வரும் பேச்சுமாக நிற்கும் தம் இன்றைய கோலம் ஒன்று. கரையில் நின்று அந்தக் குதிப்பைக் கண்டு மருண்டவர்கள் மற்றொன்று. கரை இல்லாத மடு அவர் நினைவில் இல்லை. அதைப் பொதுவியல் திணையில் கையறுநிலைத் துறையில் வைத்தவர் இலக்கிய உணர்வு மிக்கவர்; யாரும் இறவாத பாட்டை இரங்கற்பாவாகக் கண்டாரே!

தாம்சன் சாலை நினைவுகளில் கரை எங்கே? 1969, 1970, 1971 என மும்முறை வென்றவர் நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ் என்று உடனே சொல்வோர் பலர். மாண்ட எழுவரின் பெயரைக் கேட்டால் தடுமாறுவர். தடத்தையொட்டி ஹைனானியர் கிராமம் ஒன்று இருந்தது. ரம்புத்தான் தோப்புகள் இருந்தன. பந்தய நாளில் அம்மக்கள் என் செய்தனர், வீட்டுக்கும் கடைக்கும் எவ்வாறு போய் வந்தனர் என்று எழுதியவரைத் தேட வேண்டியிருக்கிறது. அக்கிராமம் இருந்த இடம் 2019இல் தாம்சன் இயற்கைப் பூங்காவாயிற்று. வண்டிகள் பறந்த அந்தப் பழைய சாலையின் அகலம் இன்று பாதியாகக் குறுக்கப்பட்டிருக்கிறது. குரங்கினம் ஒன்று கடப்பதற்கென மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

என் தந்தையார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி நடந்த பந்தயங்களுக்குத் தோழர்களோடு தவறாமல் போய் வந்தவர். சாகும் வரை அவர் அந்த வளைவுகளை வரிசை மாறாமல் ஒப்பிப்பார். எந்த வண்டி எந்த வளைவில் எப்படி ஒலித்தது என்று வாயாலேயே ஒலித்துக் காட்டுவார். சிறுவனாக நான் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். இக்கட்டுரைக்காக என் தாயாரிடம் அந்நாள்களைப் பற்றிக் கேட்டேன். அவர் பந்தயத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை. விபத்தில் யாரோ இறந்துபோனதாகச் செய்தி பரவிய ஓர் ஆண்டில், இறந்தவர் ஓட்டியவரா பார்க்கப்போனவரா என்று சொல்ல அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லையாம். கைக்குழந்தையான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு குடியிருப்பின் வாயிலில் நின்றிருக்கிறார். விளக்கு வைத்து நெடுநேரம் கழித்து என் தந்தையார் காற்சட்டை முழுவதும் செம்மண்ணோடு, சிரித்துக்கொண்டே வந்தாராம்.

"அவர் வண்டி பேரெல்லாம் சொல்லிக்கிட்டே சாப்பிட்டார், எனக்கு ஒரு பேரும் காதுல ஏறல," என்றார் என் தாயார். பின்பு சற்று நினைத்து, அன்று வைத்த குழம்பு என்ன என்பதையும், அது எத்தனை முறை சூடுகாட்டப்பட்டது என்பதையும் சொன்னார்.